மூதூர் லோஞ்சுக்கு முந்திய மணி

கணவன் றிகாஸ் மௌத்தாகி, அவனை அடக்கிய நாளிலிருந்து நஜ்முன் நிஸாவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வந்துபோன பெண்கள் அதைக் கவனிக்காமல் விடுவார்களா? கல்நெஞ்சுக்காரி என்று அவள் குசினி அடுப்படியிலேயே நின்று கதைத்தார்கள். அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை. ஒருதரம் அழுதுவிட்டால் போதும் என்று அவளே காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கொழும்புப் பழம்பொருள் வியாபாரி சசிகரன், அவள் வீட்டிலிருந்த ஆளுயர ஊசல் மணிக்கூட்டை விலைக்குக் கேட்டபோது, "எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். அது இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

புருஷனை இழந்து இத்தாத் தனிமையில் இருப்பவள் அந்நிய ஆணின் முன்னால் வர ஏலாது. அவள் திரைக்குப் பின்னால் பாயில் இருந்தாள். மகள் அஸ்மியா நடுவில் நின்று கதையைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். சசிகரனுக்கோ வாயெல்லாம் பல். லண்டனில் செய்த இயந்திரம். வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது போட்ட ஏலத்தில் றிகாஸின் பாட்டனார் எடுத்தது. உள்ளே தொங்கிய ஈயக்குண்டுகளில் ஒன்று மட்டும் றிகாஸ் வலை ஈயத்தை உருக்கி வார்த்தது.

"அந்தக் குண்டால விலை கொஞ்சம் குறையும்," என்றான் சசிகரன். "மணிக்கூடு கால்மணித்தியாலம் முந்தி ஓடுது. சரியாக்கிப் பாக்கட்டோ எண்டு அம்மாட்டக் கேளுங்கோ."

"செய்யச் சொல்லு," என்றாள் நஜ்முன் நிஸா.

முந்தி ஓடுவது பழுதல்ல. றிகாஸ் மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்சுப் படகின் ஓட்டி. பிந்திப் போய்ப் பயணிகளிடம் ஏச்சு வாங்கி அலுத்து, அவனே முள்ளைத் தள்ளி வைத்திருந்தான். வீட்டு மணிக்கூடு பத்து அடித்ததும் சேர்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கி நடப்பான். அவள் அரிசி களைவாள். பிறகு கால்மணித்தியாலம் கழித்து, உண்மையான பத்து மணிக்கு, இறங்குதுறையிலிருந்து லோஞ்சின் ஹோர்ன் கேட்கும். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று உலையில் அரிசியைப் போடுவாள்.

சசிகரன் ஊசலைப் பிடித்து நிறுத்தினான். தேத்தண்ணி குடித்தபடி காத்திருந்து, போனிலும் அதே நேரம் வந்ததும் ஊசலை விட்டான். சற்று நேரத்தில் பத்து அடிக்கத் தொடங்கியது. கூடவே லோஞ்சின் ஹோர்னும் ஊதியது.

நஜ்முன் நிஸா நிமிர்ந்தாள். இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதன் படியிறங்கக்கூட நேரமில்லை. அவள் கை திரையை இறுக்கிப் பிடித்தது.

"மகள், மணிக்கூட்ட விக்கிறதில்ல எண்டு சொல்லு. உன்ட வாப்பா நடந்து போற நேரத்தத் திருப்பி வைச்சிட்டுப் போகச் சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.