முழுக்குச் சபையில் ஒரு முழங்கால்

கொச்சியில் கொச்சங்காடி தமிழ் பாப்டிஸ்ட் சபையை ஊரார் முழுக்குச் சபை என்பார்கள். தலையில் நாலு சொட்டுத் தெளிக்கும் வேலை அங்கே கிடையாது. ஆளைத் தொட்டிக்குள் அமுக்கி எடுத்தால்தான் ஞானஸ்நானம். சபைக்கே எல்லாரும் முழுக்குப் போட்டுவிட்டது வேறு கதை. பாடகர் குழு பெந்தெகொஸ்தேக்குப் போயிற்று, வாலிபர் சங்கம் துபாய்க்குப் போயிற்று. மிச்சம் ஒன்பது பேர். பாஸ்டர் ராசப்பனின் பிரசங்கத்தைக் கடைசிவரை தாங்குகிறவர்கள் அதில் இருவர். அவர்களுக்குக் காது கேட்காது.

மேலிடமான பாப்டிஸ்ட் கவுன்சிலுக்கு வருடாவருடம் போகும் படிவத்தைச் செயலாளர் பொன்மணிதான் நிரப்புவாள். ‘மறுமலர்ச்சியின் அடையாளங்கள்’ என்ற கட்டத்தில் போன வருடம் ‘புதிய மின்விசிறி’ என்று எழுதினாள். இந்த வருடம் கடிதமே வந்துவிட்டது: பன்னிரண்டு வருடமாக ஒருவரும் முழுகவில்லை, டிசம்பருக்குள் முழுகாவிட்டால் தேவரா சபையோடு இணைப்பு, பதிவேடுகளும் அங்கே ஒப்படைக்கப்பட வேண்டும்.

பொன்மணி ‘பதிவேடுகளும்’ என்ற சொல்லை இரண்டு தடவை படித்தாள். முழுகினவர்களின் பழைய பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது, அவள் எழுத்திலேயே. கல்யாணத்துக்கு முன் முழுக வேண்டியவள், காய்ச்சல் என்று ராசப்பனிடம் சொல்லித் தள்ளிப்போட்டாள், அப்புறம் முழுகவே இல்லை. முப்பது வருடத்துக்கு முன் செயலாளரானதும் வெட்கம் தாங்காமல் தானே எழுதிக்கொண்டாள். முழுக்குக் கொடுத்தவர் கையெழுத்து மட்டும் இன்றுவரை காலி. தேவராக்காரர்கள் பார்த்தால் மானம் கப்பலேறிவிடும்.

காப்பாற்ற வந்தவள் சாயாக்கடை இசக்கிசெல்வி. குழாய் வறண்டால் தெருவே சபைத் தொட்டியில்தான் மொள்ளும். குடத்தோடு காத்திருந்தே ஒரு வருடப் பிரசங்கம் கேட்டுவிட்டாள்.

“சேச்சி, நானும் முங்கட்டா? வெள்ளம் எடுக்கத்தான் வந்தேன். கேட்டுக் கேட்டுப் பிடிச்சுப்போச்சு.”

பொன்மணிக்கு அழுகையே வந்துவிட்டது.

முழுக்கு நாளன்று பார்வையிட எறணாகுளத்திலிருந்து கவுன்சில்காரர் வந்து உட்கார்ந்தார். தொட்டியைத் திறந்தால் தரை தெரிகிறது. காலையில் குழாய் வரவில்லை. தெரு வழக்கம்போல் மொண்டுவிட்டது.

பொன்மணி தெருவில் இறங்கினாள். “எடுத்த வெள்ளத்தைத் திருப்பிக் கொண்டாங்கடி. இன்னைக்கு விட்டா சபையே போச்சு.”

குடங்கள் வந்தன. சோறு வடித்தவர்கள் கையை விரித்தார்கள். ஒருத்தி குடிக்கப் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சி வைத்திருந்த சிவப்புத் தண்ணீரையே கவிழ்த்தாள். கவுன்சில்காரர் அதைக் கிறிஸ்துவின் இரத்தமாக நினைத்து உருகிப்போனார். மொத்தத்தில் தண்ணீர் முட்டிக்குக் கீழேதான் நின்றது.

ராசப்பன் இசக்கிசெல்வியை மல்லாக்கச் சாய்த்தார். எல்லாம் முழுகியது, ஒரு முழங்காலைத் தவிர.

“முட்டி நனையலியே,” என்றார் கவுன்சில்காரர். “நனையாம நான் எப்படி எழுதுறது?”

முழங்காலுக்காகச் சபையை இழப்பதா? பொன்மணி எட்டி அதை ஓங்கி அமுக்கினாள். முழங்கால் உள்ளே போனது. பிடி வழுக்கிப் பொன்மணியும் தலைகுப்புற உள்ளே போனாள். ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கிறவர். “பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே” என்று முடித்துக் கைக்கு அகப்பட்டதைத் தூக்கினார். அகப்பட்டது பொன்மணி. இசக்கிசெல்வி பக்கத்தில் தானாகவே எழுந்து இருமிக்கொண்டிருந்தாள். ராசப்பன் ஒன்றும் நடக்காததுபோல அவளையும் பிடித்து, இன்னொரு தடவை ஓதி, முட்டியோடு முக்கி எடுத்தார்.

கவுன்சில்காரர் ஒருத்தி முழுகியதாக எழுதிக்கொண்டு போனபின், பொன்மணி ஈரச் சேலையோடு பழைய பதிவேட்டை ராசப்பன் முன் விரித்தாள்.

“இந்த இடத்துல ஒரு கையெழுத்து போடுங்க பாஸ்டர்.”

அவர் முப்பது வருடப் பழைய தேதியைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நிற்கும் அவளைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

“காய்ச்சல் இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.