ஓரினின் கடைசி நாள் சாவுகள்

...ஆனால் மலையுச்சியிலிருந்து விழுகிறவன் கீழே வந்து சேரும்வரை கத்திக்கொண்டேயா இருப்பான், பாதி வழியிலேயே மூச்சு தீர்ந்துவிடாதா என்று நினைத்தபடி ஓரின் தேன் கலந்த வெந்நீரை விழுங்கினான். காலையிலிருந்து முப்பது முறை செத்தாயிற்று, தீயில், ஆற்றில், குதிரையின் காலடியில்... சாவுகளை ஒலிப்பதிவின் கடைசி நாளுக்குத்தான் வைப்பார்கள், தொண்டை கிழிந்தாலும் அதற்கப்புறம் பேச வசனம் இல்லை பாருங்கள். வீடியோ கேமில் வரும் கௌபாய்க் கொள்ளைக்காரனுக்குக் குரல் கொடுக்கும் வேடம் அவனுக்கு. அதற்காக என்ன பாடு பட்டான், இரண்டு மாதம் வீட்டுக்குள்ளும் பூட்ஸைக் கழற்றவில்லை, பண்ணையில் குதிரையேறித் தொடையெல்லாம் தோல் உரிந்தது, துப்பாக்கியின் கனம் பழகட்டும் என்று இடுப்பில் மணல் பையைக் கட்டிக்கொண்டு பர்பேங்க் கடைத்தெருவில் காய்கறி வாங்கினான். நடை வந்துவிட்டது. சாவை எங்கே போய்ப் பழகுவது? ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் டெஸ்ஸின் குரல் காதுக்குள் வந்தது.

“அடுத்தது வயித்துல குண்டு. மெதுவா போறான், அரை நிமிஷம். அவசரமே இல்ல, ஓரின்.”

அரை நிமிடமாம்... அப்பாவுக்குப் பதினோரு மணி நேரம் ஆனது. முடிந்தது, அக்கா மார்லா காபி வாங்க மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குப் போன நேரம். மூச்சு உள்ளே போகும், தொண்டையில் ஒரு சின்னச் சொடுக்கு, பிறகு ஒன்றுமில்லை, ஒன்று, இரண்டு என்று எண்ணினான், ஒன்பதில் அடுத்த மூச்சு வந்தது, அதுதான் கடைசி, திணறி, உறுமி... அவர் கையைப் பிடித்திருந்தது உண்மைதான். ஆனால் பிடித்திருந்தது மகனா? எண்ணியது யார்? இதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று உள்ளே ஒருவன் சொன்னானே, அவன் யார்? இரண்டு கோப்பைகளோடு வந்து நின்ற மார்லாவிடம், தூங்குவது போல நிம்மதியாகப் போனார் என்றான். மூன்று வருடமாக அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடுகிறாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பாவின் அந்த மூச்சையே ஓரின் செய்தான். முடிந்தபோது கண்ணாடிக்கு அப்பால் டெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இதையே வைத்துக்கொள்கிறோம் என்றாள். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. மார்லா... அவன் நடித்த எந்த கேமையும் அவள் முதல் நாளே வாங்கி ஆடிவிட்டுப் போன் செய்வாள்.

“உன்னை இன்னிக்கு நாப்பது தடவை சாகடிச்சேன்டா. ஒழுங்கா ஓடவாவது கத்துக்கோ.”

இரண்டு வருடம் அப்பாவின் பக்கத்து அறையில் படுத்து, சுவருக்கு அந்தப்புறம் அந்த நெஞ்சைக் கேட்டவள் அவள். அந்தச் சொடுக்கு அவளுக்குத் தெரியாதா? முதல் முறை சந்தேகப்படுவாள், இரண்டாவது முறை ஆட்டத்தை நிறுத்திவிடுவாள், பிறகு போன் வரும், அல்லது வரவே வராது... அழித்துவிடச் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும், டெஸ் மறுக்கமாட்டாள். மைக்கிடம் வாயைக் கொண்டுபோனான். இது வேண்டாம், இன்னொன்று எடுக்கலாம் என்றான். ஏன், இதற்கென்ன குறை என்று டெஸ் கேட்டாள்.

“கடைசி மூச்சுக்கு முன்னாடி ஒன்பது எண்ணணும். நான் ஏழுலயே மூச்சை விட்டுட்டேன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. விளக்கு மறுபடி சிவந்திருந்தது, அவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்.