வீட்டுக்குப் பதிலாள்

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நகராட்சி எங்கள் வீட்டை நியமித்தது. அந்த வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். அனுபவம் என்ற இடத்தில் வீடு முப்பத்தெட்டு வருடம் காட்டியிருந்தது. நான் பதினொரு நாள் என்று எழுதியிருந்தேன். ரோட்டர்டாமிலிருந்து திரும்பி அவ்வளவு நாள்தான் ஆகியிருந்தது. தேர்வு நியாயமாகவே நடந்தது.

வயதானவர்களை இல்லத்தில் சேர்த்து அதற்குச் செலவழிப்பதைவிட, அவரவர் வீட்டுக்கே சம்பளம் கொடுத்துவிடலாம் என்று அரசு முடிவெடுத்து இரண்டு வருடமாகிறது. எங்கள் வீடு வேலையில் கெட்டி. அம்மா எழுந்திருக்கும் நேரத்துக்குக் குளியலறை நாலடி முன்னால் வந்து நிற்கும். முழங்கால் வலிக்கும் நாட்களில் வாசற்படி மூன்று இரண்டாகும். மாத்திரை போடவில்லை என்றால் சமையலறைக் கதவு திறக்காது. அம்மா அதைத் திட்டித் தீர்த்துவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வாள். முதல் சம்பளத்தில் வீடு தனக்கு வெள்ளையடித்துக்கொண்டது. அம்மாவுக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தை வாங்கித் தந்தது. நான் பெரும்பாலும் நடக்கிற வழியில் இடைஞ்சலாக நின்றேன்.

ஐப்பசியில் மேற்குச் சுவரில் ஈரம் கசிந்தது. வீடுகள் அப்படித்தான் எழுதும். நாலு நாள் விடுப்பு வேண்டும், திருச்செந்தூர் போய்க் கடல் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தது. மேற்பார்வையாளர் ஜெபராணி வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டார்.

“உப்புக் காத்து பட்டா கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருமே,” என்றாள் அம்மா. வேறு ஆட்சேபம் சொல்லவில்லை.

ஆனால் வீடு விடுப்பில் போனால் ஒரு பதிலாள் வேண்டும். இல்லையென்றால் அந்த நாட்களில் அம்மா முதியோர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துத் தெரு லூர்து டீச்சர் அப்படித்தான் இரண்டு நாளைக்கென்று போனார். ஏழு மாதமாயிற்று. ஆளைத் திருப்பி அனுப்புவதற்கான படிவம் இன்னும் அச்சாகி வரவில்லை. டீச்சரின் வீடு திரும்பி வந்து, ஆளில்லாமல் கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டு, செல்போன் கடையாகிவிட்டது. அம்மா அந்தத் தெரு வழியாகக் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

நான் பதிலாளாக இருக்கிறேன் என்றேன்.

அன்று மாலையே தேர்வு வைத்தார் ஜெபராணி. மழை வந்தால் என்ன செய்வேன் என்றார். குடை பிடிப்பேன் என்றேன். வெயிலுக்கு, சூரியன் நகர நகர நானும் திரும்பிக்கொள்வேன் என்றேன். நாலு நாள் ஒரே இடத்தில் நிற்க முடியுமா என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன் என்றேன். எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசிக் கேள்விக்குப் பேனாவை மூடினார்.

“காலையில எந்திரிக்கும்போது அம்மா மொதல்ல எதைப் பிடிப்பாங்க, சார்?”

கைத்தடி என்றேன்.

கைத்தடி நான் வாங்கி வந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் மூலையில் சாய்ந்திருந்தது. கட்டிலையொட்டிய ஜன்னலில் ஒரே ஒரு கம்பி மட்டும் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஜெபராணியும் பார்த்தார்.

“சரியாத்தான் சொல்லுதான்,” என்றாள் அம்மா. “தடியத்தான் பிடிப்பேன். வேற எதைப் பிடிக்கப் போறேன்?”

ஜெபராணி வீட்டை நிமிர்ந்து பார்த்தார். நிலைக்கதவு ஒருமுறை முனகிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அவர் டிக் போட்டார். இந்த நாலு நாளுக்குள் ஒருமுறை சொல்லாமல் வருவேன், அம்மா வெட்டவெளியில் கிடப்பதைப் பார்த்தால் அப்போதே இல்லத்துக்கு ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வீடு புறப்பட்டது. வேட்டி நுனியைத் தூக்குவதுபோல அஸ்திவாரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மின்கம்பிகளுக்குக் குனிந்து, தெருமுனையில் திரும்பியது. வெறும் மனையில் கட்டில் இருந்தது, அதன்மேல் அம்மா இருந்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் போய் நின்று கையை நீட்டினேன்.

“ஏல குத்தாலம், உசரம் கூட,” என்றாள் அம்மா.

குனிந்தேன்.

“இன்னும் கொஞ்சம். அந்தா, அங்கனயே நில்லு.”

என் முழங்கையைப் பிடித்து எழுந்தாள்.

முதல் நாள் குடையிலேயே போயிற்று. கை வலித்தது, மாற்றிக்கொண்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் கால்கள் மரத்தன. சாயங்காலத்துக்குள் அவை நன்றாக ஊன்றிக்கொண்டன. அதன் பிறகு குடை தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் ஜெபராணி சொல்லாமல் வந்தார். மனையை ஒரு சுற்றுச் சுற்றினார். கட்டிலையும் காணோம், அம்மாவையும் காணோம். கைப்பையிலிருந்து இல்லத்துக்கான தாளை எடுக்கப் போனவர், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேரே வந்து, கதவைத் தட்டுவதுபோல என் மார்பில் இரண்டு முறை தட்டினார்.

“செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு,” என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.