தெளிவும் மண்டியும்

ரசச் செம்பு ஆனந்தத்தின் கையிலிருந்து நழுவி வேம்புவின் இலைமேல் விழுந்தது. சூடான ரசம் வேட்டியெல்லாம் தெறிக்க, அவர் துள்ளி எழுந்தார்.

“கை விளங்காமப் போயிடுத்தாடி உனக்கு?” என்று மாமியார் காமு கத்தினாள்.

கோபத்தில் வந்த அந்த வார்த்தை உண்மையாகவே இருந்தது. சில வாரங்களாக ஆனந்தத்தின் வலது மணிக்கட்டு அவள் வசத்தில் இல்லை. வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வேறு. ஆனால் மூன்று முறை கரு உண்டாகித் தங்காமல் போனவள் வலி என்று சொன்னால் அந்த வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வேம்பு, காமுவுக்கு ஒன்றுவிட்ட அண்ணா. காமுவின் மகன் சாமாவுக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்து ஜாதகத்தோடு வந்திருந்தார். அவருக்குப் பரிமாறும் வேலை சாமாவின் மனைவியான ஆனந்தத்துக்கே வாய்த்திருந்தது.

“இவ சம்மதிச்சு விலகிண்டாத்தான் கோர்ட்டுல தகராறு வராது, காமு” என்றார், வேட்டியைத் துடைத்துக்கொண்டே.

“விலகாம என்ன பண்ணுவா? பாதி நிலத்தைக் குத்தகைக்கு உழற வீரையன் தன் பாத்தியதைன்னு பதிஞ்சுண்டுட்டான். மீதிக்கு நில உச்சவரம்புன்னு சர்க்கார்ல சொல்றா. ஒரு வாரிசும் இல்லேன்னா, கொடி பிடிச்சுண்டு போறவாளுக்கே எல்லாத்தையும் எழுதி வெச்சுட வேண்டியதுதான்.”

சாமா தலை நிமிராமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஆனந்தம் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். வாந்தி நிற்கவில்லை. வேறு வழியின்றி சாமா அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் மெஹராஜ் பேகம் அதிராம்பட்டினத்துக்காரர். ஆனந்தத்தின் உதட்டை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஈறின் ஓரத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு ஓடியது.

“பெயிண்ட், பேட்டரி மாதிரி வேலை ஏதாச்சும் செய்றீங்களாம்மா?”

“சமையல்தான் டாக்டர்.”

“எதுல சமைக்கிறீங்க?”

மறுநாள் சாமா வீட்டிலிருந்து ரசச் செம்பைக் கொண்டுவந்தான். டாக்டர் அதன் விளிம்பை ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்தார். பென்சிலால் இழுத்தாற்போல் கறுப்புக் கோடு விழுந்தது.

“ஈயச்செம்புன்னா வெள்ளீயத்துல பண்ணியிருக்கணும். இதுல காரீயத்தைக் கலந்திருக்காங்க. புளி பட்டா கரைஞ்சு ரசத்துல எறங்கும். அத்தனையும் விஷம்.”

“நாங்களும் அதே ரசந்தானே சாப்பிடறோம்?” என்றான் சாமா.

கட்டிலிலிருந்து ஆனந்தம் பதில் சொன்னாள். “நீங்க சாப்பிடறது தெளிவு. எல்லாரும் எழுந்தப்புறம் செம்புலயே ஊறிண்டு கெடக்கற மண்டி எனக்கு. ராத்திரிக்கும் அதுதான்.”

டாக்டர் சாமாவைப் பார்த்தார். “உங்க ரத்தத்தையும் பாத்துடணும். கரு தங்காததுக்கு உங்க உடம்புல இருக்கற காரீயமும் காரணமா இருக்கலாம்.”

“அம்மாவைக் கேட்டுண்டு சொல்றேன்.”

அவன் அப்புறம் சொல்லவே இல்லை.

ஆனந்தத்துக்கு மருந்து குளுக்கோஸில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ரத்தத்தில் இருக்கும் காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியே தள்ளும் மருந்து அது. சிறுநீரகம் தாங்குகிறதா என்று நர்ஸ் வேளைக்கு வேளை அளந்து பார்த்தாள். தலைசுற்றலும் ஜுரமும் வந்து போயின. பிறகு வயிற்று வலி விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் அயர்ந்து தூங்கினாள். வீட்டுக்குப் போகும்போது டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

“வெறும் வயித்துல இதைப் போட்டுட்டு, சித்த நேரங்கழிச்சுச் சாப்பிட்டுடணும். அந்தச் செம்பு ரசம் ஒரு சொட்டுக்கூட ஆகாது. விஷம் உள்ள போயிட்டே இருந்தா இந்த மருந்தே கெடுதல் பண்ணிடும்.”

ஆனால் அவள் வீடு திரும்பியபோது அடுப்பில் அதே செம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“அதான் மருந்து திங்கறயே, அப்புறம் என்ன பயம்?” என்றாள் காமு. “உங்கப்பன் காரீயத்தைக் குடுத்து ஏமாத்தினான். வியாதியும் அவன் குடுத்த சீர்தான்.”

“அப்பா குடுத்த நல்ல செம்பை உங்க பொண்ணுக்குச் சீரா அனுப்பிட்டேள். இது நீங்க தெருவுல வாங்கினதும்மா.”

ஆனந்தம் கல்சட்டியில் வேறு ரசம் வைத்தாள். நேரம் வந்ததும் மூன்று இலை போட்டாள். சாமாவுக்குப் பக்கத்து இலையில் தானே உட்கார்ந்தாள். ஆண்பிள்ளை சாப்பிட்டு எழுவதற்குள் மருமகள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை. காமு சாப்பிடாமல் எழுந்து போனாள்.

“ஏன்னா, திங்கட்கிழமை மாத்திரை வாங்கப் போறேன். நீங்களும் வந்து ரத்தம் குடுங்கோ. வரலேன்னா நான் மட்டும் போறேன். திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன்.”

திங்கட்கிழமை சாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தெருவில் யாரும் பார்க்காத நேரமாகப் பஸ் ஏறினான். சோதனைக்கு மெட்ராஸ் போன ரத்தத்தின் முடிவு வந்தபோது அதிலும் காரீயம் இருந்தது. டாக்டர் அவனுக்கும் அதே மாத்திரையை எழுதினார்.

பெண் வீட்டார் தேதி கேட்கிறார்கள் என்று வேம்பு மறுபடியும் வந்தார்.

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, அண்ணா” என்றாள் காமு. “சாமா டானிக் சாப்பிட்டுண்டிருக்கான். ஒடம்பு தேறட்டும்.”

சாமாவுக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆனந்தம் நிமிர்ந்தாள்.

“டானிக் இல்லே மாமா. நான் சாப்பிடற அதே மருந்து. என் ரத்தத்துல இருக்கற அதே விஷம் அவர் ரத்தத்துலயும் இருக்கு. பொண்ணாத்துல இதையும் சேத்துச் சொல்லிடுங்கோ.”

வேம்பு சாமாவைப் பார்த்தார். சாமா மறுக்கவில்லை.

“மெதுவாப் பேசுடி” என்று காமு பதறினாள். “தெருவுல யார் காதுலயாவது விழப்போறது.”

“விழட்டும்மா. மூணு தடவை எனக்குக் கலைஞ்சபோது தெருவுக்கே கேட்டுதே. அப்போ யாரும் மெதுவாப் பேசலையே?”