எடுக்காத கிண்ணம்

காணாமல் போன வெள்ளிச் சந்தனக் கிண்ணம் சாயங்காலம் கிடைத்துவிட்டது. எங்கே கிடந்தது தெரியுமா? பெரிய தூக்குக்குள் சின்னத் தூக்கு, அதற்குள் ஒரு செம்பு, செம்புக்குள் இது. கண்டனூர் வீட்டில் கல்யாணச் சீரைக் கூடம் முழுக்கப் பரப்பிவிட்டுத் திரும்ப அடுக்கும்போது யாரோ ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். முதலாளியம்மா வள்ளிக்கண்ணு ஆச்சி காரில் ஏறும்போதுதான் அதைச் சொன்னார்.

“கெடைச்சிருச்சு ஞானாதிக்கம். புள்ளைக்கு அதிரசம் எடுத்து வச்சிருக்கேன், மறக்காமக் கொண்டு போ.”

“சரிங்க ஆச்சி” என்றார் டிரைவர் ஞானாதிக்கம். அந்த அம்மாளை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று வந்தது. ஆனால் ஆச்சி பிள்ளையை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். காலையில் கிண்ணத்தைக் காணோம் என்றதும், “ஒம் மகளும் இங்குட்டுத்தானே நின்னுச்சு, பாத்துச்சான்னு கேளு” என்றார், அவ்வளவுதான். அதற்கே இவருக்குத் தலைக்கேறிவிட்டது. ஞானாதிக்கத்தைப் போலப் பிள்ளை வளர்க்க வேண்டும் என்று சாமியார் போன ஈஸ்டருக்குப் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நெஞ்சுக்குள் வைத்துத் தடவிக்கொண்டே திரிந்த மனுஷன், பூக்கட்ட உதவிக்கு வந்திருந்த பன்னிரண்டு வயது மகளைச் சமையலாட்கள், விருந்தாட்கள் அத்தனை பேர் முன்னாலும் முற்றத்தில் நிறுத்தி அடித்தார். “எடுக்கலப்பா” என்று மூன்று தரம் சொன்னாள் பிரகாசி. நாலாவது அடிக்கு “எடுத்தேன்” என்றாள். எங்கே என்றதற்குக் கிணற்றில் போட்டேன் என்றாள். கிணற்றில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஆச்சிதான் குறுக்கே வந்து தடுத்து, பிள்ளையை மத்தியான பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

காரைக்குடியில் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது விளக்கு ஏற்றியாகிவிட்டது. அதிரசப் பொட்டலத்தை அவர் மனைவி அருளாயி கையால் வாங்கவில்லை.

“கெடைச்சிருச்சாம். செம்புக்குள்ள கெடந்திருக்கு.”

அருளாயி மகளின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “செபத்துக்கு நேரமாச்சு. வாரீகளா?” என்றாள். அந்த மரியாதைக்குப் பதில் அவளிடம் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, அவரே ஏற்படுத்தியதுதான். சாயங்கால செபம் முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொன்றும் அன்றைக்குச் செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொய்க்கு மட்டும் தண்டனை தனி. முட்டி போட்டு, இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்து, பத்துப் பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். கை தாழ்ந்தால் முதலிலிருந்து. கடைசியில் அப்பா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். போட்டுவிட்டால் தண்டனை முடிந்தது, சாப்பிடப் போகலாம்.

சின்னவன் பம்பரத்துக்குச் சண்டை போட்டதைச் சொன்னான். அடுத்தது பிரகாசி.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்” என்று முந்திக்கொண்டார். மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தது; வாயில் வந்தது இதுதான்.

“சொல்லணும்ப்பா. இன்னைக்கு ஒரு பொய் சொன்னேன். எடுக்காததை எடுத்தேன்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டு முட்டி போட்டாள். கைகளை விரித்தாள். அடிபட்ட தோள் தாழப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பிடித்தாள்.

“எந்திரி.”

அவள் முதல் மந்திரத்தைத் தொடங்கிவிட்டாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நெஞ்சழுத்தத்தை இது யாரிடம் படித்தது? வேறு யாரிடம்? உண்மை சொன்ன பிள்ளையைப் பொய் சொல்கிறவரைக்கும் அடித்துவிட்டு, பொய்க்குத் தண்டனை என்று ஒரு சட்டமும் போட்டு வைத்திருக்கிற பெரிய மனுஷனிடம்தான். சாமியார் இதையும் பிரசங்கத்தில் சொல்லட்டும்.

மூன்றாவது மந்திரமும் முடிந்தது. “எந்திரின்னு சொல்றேன்ல.”

“இன்னும் ஏழு இருக்குப்பா.”

நாலாவதைத் தொடங்கினாள். இனி ஒரு மந்திரம்கூடக் கேட்க அவரால் முடியாது. சிலுவையைப் போட்டு இதை முடித்துவிட வேண்டும் என்று பக்கத்தில் போய்க் குனிந்து, அவள் நெற்றிக்கு வலது கையைக் கொண்டு போனார்.

கை முகத்தருகே வந்ததும் பிரகாசி கண்களை இறுக மூடிக்கொண்டு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். விரித்த கைகளை மட்டும் அவள் தாழ்த்தவில்லை.