முதலில் வைக்கக் கூடாது

தையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்காவோடு பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகிறது. காரணத்தைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்: ஒரு சட்டைக் கை. ஆசை ஆசையாய்த் தைத்து அனுப்பிய சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் இறுக்குதுடி" என்றாள் அக்கா போனில். "நான் சரியாத்தான் தைச்சேன், உன் கைதான் பெருத்துப்போச்சு" என்று இவள் பட்டென்று வைத்துவிட்டாள். அக்காவுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா என்ன? அவளும் கூப்பிடவில்லை. கூடப்பிறந்தவள் ஒருத்திதான். அவளும் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம், மிஷினை மிதிக்கும்போதெல்லாம் இவளை அரித்தது.

இந்த லட்சணத்தில், தனியாக இருக்கும் வயசானவர்களுக்குப் போன் போட்டுப் பேசும் அமைப்பில் பேர் கொடுத்திருந்தாள். சொந்த அக்காவோடு பேசமாட்டாளாம், ஊரில் இருக்கிறவர்களோடெல்லாம் பேசப்போகிறாளாம். நல்ல கூத்து!

புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மருந்துக்கடையின் மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் மட்டும் போடுகிற மின்விசிறி. அமைப்பை நடத்தும் அம்மா மைக்கைத் தட்டிப் பார்த்தார், அது கரகரவென்றது, ஓரமாக வைத்துவிட்டுத் தன் கட்டைக்குரலிலேயே ஆரம்பித்தார்.

"பேச்சுத் திறமையெல்லாம் வேணாம். ஒரே சட்டம்தான். போனை நீங்க முதல்ல வைக்கக் கூடாது. அவங்க வைக்கட்டும். அவங்களை எல்லாரும் பாதியிலேயே வெச்சிட்டுப் போயாச்சு."

"அவங்க வைக்கவே இல்லேன்னா?" என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். "எனக்கும் சோறு தண்ணி உண்டும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார்.

"ஒரு பெரியவர் போனை எடுப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அடுப்புமேடையில வெச்சிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். எனக்குக் கோபமான கோபம், மதிக்கலையேன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது. வேண்டாதவளா இருந்தா கட் பண்ணியிருப்பார்ல? என்னை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கார். நானும் இங்க காய் நறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். அவ்வளவுதாங்க நம்ம வேலை."

கை தட்டினார்கள். தையல்காரியால் தட்ட முடியவில்லை. எழுந்து மாடிப்படிக்கு வந்து, யோசித்தால் தைரியம் போய்விடும் என்று சட்டென அக்காவின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அக்கா எடுத்தாள்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது. எதுக்குக் கூப்பிட்ட? மறுபடியும் பாதியில வெச்சிட்டுப் போறதுக்கா?"

சுருக்கென்று தைத்தது. பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் வைத்திருப்பாள். இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. நீயே வை. நீ வைக்கிற வரைக்கும் நான் வைக்கமாட்டேன்."

டொக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். காதிலிருந்து எடுத்துப் பார்த்தால், திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தாள். குழாய் திறந்தது. பாத்திரங்கள் கடகடவென உருண்டன. கோபம் வந்தால் அக்கா பாத்திரங்களைத்தான் போட்டு உருட்டுவாள்.

தையல்காரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது.

கூட்டம் முடிந்து இறங்கிய டிரைவர் நின்றார். "அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்களா? யாரும்மா லைன்ல?"

"எங்க அக்கா" என்றாள் வாயசைவில்.

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

குழாய் நின்றது. தூரத்திலிருந்து குரல் வந்தது.

"இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா."

"அந்தச் சட்டையைத்தான் போட்டிருக்கேன். மடிச்சுவிட வரமாட்டேங்குது, கையெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"அனுப்பி வை அக்கா, பிரிச்சுத் தைச்சுத் தர்றேன்."

"அனுப்பவெல்லாம் முடியாது" என்றாள் அக்கா. "நீ வந்து தைச்சுக் குடு."