மார்க்கண்டுப் பிரபு காரை விட்டு இறங்கியது

பெரிய வயற்காரரான மார்க்கண்டுப் போடியாருக்கு ஐரோப்பாவிலிருந்து பிரபுப் பட்டம் வந்த செய்தி களுவாஞ்சிக்குடியில் முதலில் தெரிந்தது கண்ணகைக்குத்தான். அழுக்குத் துணி எடுக்கப் போனவளிடம் போடியாரே சொன்னார். எந்தப் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு சிற்றரசின் பட்டம் அது; சென்னை முகவர் ஒருவர் காசுக்கு எடுத்துக் கொடுத்தது. உலகப் பரிசு வாங்கிய இந்தியக் கவிஞர், விஞ்ஞானி, வெள்ளைக்காரரின் 'சேர்' பட்டம் பெற்ற மகாராசாக்கள் என்று படம் படமாக முகவர் காட்டியதில், அடுத்தது தாம்தான் என்று போடியாருக்குப் பட்டுவிட்டது. அவர்கள் எதையாவது செய்து வாங்கினார்கள். இவர் ஒன்றுமே செய்யாமல் வாங்கினார், அதுவல்லவோ பெருமை!

கண்ணகை ஊருக்கு வெளுக்கும் கட்டாடி வீட்டுப் பெண். புருஷன் போனபின் தனியாள். சந்தையில் லோன்றி என்று ஒரு சலவைக் கடை போடுவதென்று தீர்மானித்து, பூட்டிக் கிடந்த போடியாரின் கடையை வாடகைக்குக் கேட்டு நடையாய் நடந்தாள். போடியார் இப்போது ஒரு வழி சொன்னார். பட்டமேற்பு விழாவில் கார் நிற்கும் இடத்திலிருந்து பந்தல்வரை அவர் நடக்க நிலத்தில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். கடைக் கதை பிறகு.

"வெளுத்துத் தாறன் போடியார். விரிக்க மாட்டன். கடைய வாடகைக்குத்தான் கேட்டன்" என்றாள்.

போடியார் சிரித்தார். இவளுடைய தாய் தம் தகப்பனாருக்கு விரித்தவள். இவள் எங்கே போவாள்?

விழாவன்று வாடகைக் கார் வாசல் படலையடியில் வந்து நின்றது. உள்ளே ஆவணி வெயிலில் வெல்வெட் மேலங்கியும் மார்பில் நட்சத்திரமுமாகப் பிரபு. வெறும் மண்ணில் பிரபு கால் வைப்பதில்லை என்று நோட்டீசிலேயே அச்சடித்திருந்தார்கள். கண்ணகை வெறுங்கையோடு வேலியோரம் நின்றாள். கூப்பிட்டும் அசையவில்லை.

அயலூர்க் கட்டாடியைக் கூப்பிட்டார்கள். ஒரு கட்டாடி முறையாக வெளுக்கும் வீட்டில் மற்றவர் கை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு அவர் பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டார். பெரிய மனிதர்களின் சால்வைகளைக் கேட்டபோது ஆளுக்காள் தோளை இறுக்கிப் பிடித்தார்கள். பெண்கள் குரவை போட்டுக் களைத்தார்கள். போடியாருக்குச் சர்க்கரை வியாதி. அந்த வியாதிக்குப் பட்டம் பதவி தெரியாது. சட்டென்று கார்க் கதவு திறந்தது. பிரபு குதித்து, மாட்டுக்கொட்டில் வழியாக வீட்டின் பின்பக்கக் கக்கூசுக்கு ஓடினார். மேலங்கி சாணியைக் கூட்டிக்கொண்டே போனது.

மறுநாள் வேலையாள் அந்த மேலங்கியோடு கண்ணகையிடம் வந்தான். அதை உடுத்துப் படமெடுத்துச் சென்னைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டுமாம். அயலூர்க் கட்டாடி வாங்க மறுத்துவிட்டார்.

"நான் இனி வீட்டில வெச்சு அழுக்கு எடுக்கிறல்ல. கடைக்குக் கொண்டு வாங்க."

"எந்தக் கடைக்குகா?"

"அதப் போடியாரிட்டக் கேளுங்க."

அன்று பொழுது சாயுமுன் கடைத் திறப்புச் சாவி வந்தது. கண்ணகை அதைச் சும்மா வாங்கவில்லை. முதல் மாத வாடகையை வேலையாளின் கையில் வைத்து, வாடகைக்குத்தான் எடுத்ததாகப் போய்ச் சொல்லச் சொன்னாள். பிறகு கடையைக் கூட்டிக் கழுவி, அடுப்பு மூட்டினாள். மீன்காரர் ஒருவரின் இடுப்புச் சாரமும், வாத்தியாரின் இரண்டு வேட்டியும் முதலில் வந்திருந்தன. பிரபுவின் மேலங்கியை அவற்றுக்குப் பின்னால் வைத்தாள்.